ஓடுபாதை முடியும் இடத்தில் ஒரு மரம்

விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிய பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஏற்றிய பெட்டிகளை மறுபடியும் இறக்கிக்கொண்டிருப்பார்கள். யாரோ கணக்கில் கோட்டை விட்டுவிட்டார்கள் என்றுதான் உள்ளே இருப்பவருக்குத் தோன்றும். யாரும் கோட்டை விடவில்லை. இறக்கச் சொன்ன கணக்கு என்னுடையது.

ஒரு விமான நிறுவனத்தில் செயல்திறன் பொறியாளராகப் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். உறவினர்களிடம் இதை விளக்கும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன். ஓட்டுகிறாயா, இல்லை, பழுது பார்க்கிறாயா, இல்லை, பிறகு என்னதான் செய்கிறாய்? எந்த ஓடுபாதையிலிருந்து எந்த விமானம் எத்தனை கிலோவோடு கிளம்பலாம் என்று சொல்கிறேன். "அட, தராசுக்காரி" என்று ஒரு பெரியப்பா ஒரே சொல்லில் முடித்தார். அதைவிடப் பொருத்தமான பதவிப் பெயரை எங்கள் மனிதவளத் துறை இன்றுவரை தரவில்லை.

நீளம் குறைந்த ஓடுபாதைக்கு எந்த விமானத்தை அனுப்புவது என்ற கேள்வி என் மேசைக்கு வரும்போதெல்லாம் ஒரே வடிவத்தில்தான் வரும்: "மேடம், அங்கே 1,700 மீட்டர் இருக்கிறது. நம் ஜெட் இறங்குமா?" வணிகப் பிரிவில் இருந்த ஒரு நண்பர் ஒரு புதிய வழித்தடத்துக்காக இப்படித்தான் வந்து நின்றார். இறங்கும். ஆனால் அதைக் கேட்டு எந்தப் பயனும் இல்லை. காலியான விமானம் எங்கும் இறங்கும், எங்கிருந்தும் கிளம்பும். எத்தனை பேரோடு, எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று கேட்டால்தான் என்னிடம் பதில் இருக்கிறது.

அந்த 1,700 மீட்டரை எடுத்துக்கொள்வோம். புறப்படும் முன்பே, போய்ச் சேரும் இடத்தில் இறங்க முடியுமா என்று பார்த்தாக வேண்டும். சோதனை விமானி உலர்ந்த தரையில் இறங்கி, முழு பலத்தோடு பிரேக் பிடித்து நிறுத்திய தூரம் ஒன்று கையேட்டில் இருக்கும். அந்தத் தூரம் ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது ஜெட்டுக்கான விதி. ஆக 1,700 உடனே 1,020 ஆகிறது. தரை ஈரமாக இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால் இன்னும் 15 சதவீதம் ஒதுக்க வேண்டும். 1,020ஐ 1.15ஆல் வகுத்தால் 887. இதோடும் முடியவில்லை. கையேட்டுத் தூரம் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து தொடங்குவதில்லை. ஓடுபாதையின் வாசலை 50 அடி உயரத்தில் கடக்கும் கணத்திலிருந்து தொடங்குகிறது. வழக்கமான 3 டிகிரிச் சரிவில் அந்த 50 அடியும் கரைவதற்குள் ஏறக்குறைய 290 மீட்டர் காற்றிலேயே போய்விடும். மிஞ்சுவது 600 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். அந்த 600க்குள் ஐம்பது டன்னுக்கு மேற்பட்ட ஒரு பொருளை மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர முடிந்தால்தான், காகிதத்தில் அது சட்டப்படியான பயணம்.

இறங்கியதும் எஞ்சின் ஒரு முறை உறுமுமே, அந்த எதிர்விசை என்னாயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. உலர்ந்த தரைக்கான அந்த அடிப்படைத் தூரத்தில் அதற்கு இடமே கிடையாது. இருந்தால் லாபம், இருக்கும் என்று எழுதக் கூடாது. காற்றுக்கும் இதே கஞ்சத்தனம்தான். எதிர்க்காற்று நமக்கு உதவி. அது 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) வீசினால் 5 நாட் என்றுதான் எடுத்துக்கொள்ளலாம். பின்காற்று இடைஞ்சல். அது 10 நாட் என்றால் 15 நாட் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வரவைப் பாதியாகவும் செலவை ஒன்றரையாகவும் எழுதும் கணக்குப்பிள்ளை எவரோ இந்த விதிகளை வகுத்திருக்க வேண்டும் என்று சேர்ந்த புதிதில் நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கஞ்சத்தனம் எதற்கு என்று பிறகு புரிந்தது. 2005 டிசம்பரில் சிகாகோ மிட்வே விமான நிலையத்தில், பனி பெய்துகொண்டிருந்த ஓடுபாதையில் இறங்கிய போயிங் 737 ஒன்று நிற்காமல் வேலியை உடைத்துக்கொண்டு சாலைக்குப் போனது. காரில் இருந்த ஒரு சிறுவன் இறந்தான். 2007 ஜூலையில் சாவோ பாலோவின் கொங்கோன்யாஸ் நிலையத்தில், மழை ஈரத்தில் இறங்கிய ஏர்பஸ் ஏ320 நிற்காமல் ஓடிச் சாலையைத் தாண்டி ஒரு கட்டடத்தில் மோதியதில் 199 பேர் இறந்தார்கள். இரண்டுமே நகரத்துக்கு நடுவே இருக்கும், சுற்றிலும் விரிய இடமில்லாத நிலையங்கள். சிகாகோ விபத்துக்குப் பிறகுதான், கிளம்பும்போது போட்ட கணக்கோடு நிற்காமல், இறங்கப்போகும் நேரத்தில் தரை எப்படி இருக்கிறதோ அதை வைத்து மறுபடியும் கணக்கிட்டு, அதன் மேல் 15 சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளும்படி அமெரிக்க விமானத் துறை விமானிகளுக்கு அறிவுறுத்தியது.

விசிறி வைத்த டர்போபிராப் விமானத்துக்கு, இறங்குவதற்கான அந்த 60 சதவீதம் 70 ஆகத் தளர்கிறது. சலுகை அதுவல்ல, அதன் வேகம்தான் உண்மையான சலுகை. நேரான இறக்கையும் பெரிய விசிறியும் கொண்ட விமானம் 110 நாட் அளவில் வந்து இறங்குகிறது. நடுத்தர ஜெட் 140 நாட் அளவில் வருகிறது. வித்தியாசம் 30 நாட்தானே என்று தோன்றும். நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே எடையாக இருந்தால்கூட ஒன்றுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல். போதாததற்கு, தரை தொட்டதும் விசிறியின் இதழ்களைத் தட்டையாகத் திருப்பிவிடலாம்; எஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு பெரிய வட்டத் தட்டுகள் காற்றை மறித்து நிற்கும். "விசிறி வைத்த பழைய விமானமா?" என்று முகம் சுளிக்கும் பயணிகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருவதுண்டு.

இதுவரை சொன்னது இறங்குவது மட்டும். கிளம்புவதில்தான் என் வயிற்றில் புளியைக் கரைக்கும் எண்கள் இருக்கின்றன.

புறப்பாட்டில் வீ-ஒன் என்று ஒரு வேகம் உண்டு. அதற்கு முன் எஞ்சின் செத்தால் பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு செத்தால் மிச்சமிருக்கும் எஞ்சினோடு மேலே போயாக வேண்டும். இரண்டுக்கும் ஓடுபாதை போத வேண்டும். நிறுத்தினால் முனைக்குள் நிற்க வேண்டும். தொடர்ந்தால் கணக்கில் சேர்க்க அனுமதித்த தூரம் முடிவதற்குள் 35 அடி உயரம் எட்டியிருக்க வேண்டும். எல்லா எஞ்சினும் நன்றாக இயங்கினாலும், கிளம்பும் தூரத்தோடு 15 சதவீதம் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் எது மோசமோ அதுதான் அன்றைய எடையை நிர்ணயிக்கும். இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒன்று போனால் போவது பாதி பலம். நான்கு எஞ்சின் விமானத்தில் கால் பலம். 1987இல் லண்டன் சிட்டி விமான நிலையம் திறந்தபோது அங்கே வந்து போனவை ஐம்பது இருக்கைகளுக்கு நான்கு எஞ்சின் வைத்த டேஷ் 7 விமானங்கள். அதன் பிறகு வந்த பிஏஇ 146 ஜெட்டுக்கும் நான்கு எஞ்சின். அதில் எதிர்விசைக் கருவியே கிடையாது. அதற்குப் பதில் வால் நுனி இரண்டு கதவுகளைப் போலத் திறந்து காற்றைத் தடுக்கும். பார்ப்பதற்கு விநோதமான விமானம். கணக்குப் போடுகிறவர்களுக்குச் செல்லப் பிள்ளை.

35 அடியை எட்டிவிட்டால் தப்பித்தோமா? சக்கரத்தை மடக்கிய பிறகு, ஒற்றை எஞ்சினோடு, 100 மீட்டர் முன்னேறினால் 2.4 மீட்டராவது ஏற வேண்டும். இங்கேதான் ஃபிளாப் என்ற இறக்கை மடல் இரண்டு பக்கமும் வாங்கி வைக்கிறது. மடலை அதிகமாக இறக்கினால் சீக்கிரம் தரையை விட்டு எழலாம், ஆனால் அதே மடல் காற்றை இழுத்துப் பிடித்து ஏறவிடாது. குறைவாக இறக்கினால் நன்றாக ஏறும், ஓடுவதற்குத்தான் இடமிருக்காது. ஓடுபாதை குட்டையாகவும் அதன் முனைக்கு அப்பால் குன்றோ கட்டடமோ மரமோ நிற்கவும் செய்தால், இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் நான்.

மரத்தைச் சும்மா சேர்க்கவில்லை. குன்று வளராது, மரம் வளரும். ஒரு நிலையத்தின் முனையில் இருந்த மரவரிசை சில ஆண்டுகளில் வளர்ந்ததில், நாங்கள் ஏற்றக்கூடிய எடை நான்கு பயணிகள் அளவுக்குக் குறைந்திருந்தது. எங்களிடம் இருந்த அளவீடு பழையது. புதியது வந்த அன்று என் திரையில் அந்த எண் இறங்கியதைப் பார்த்து, மென்பொருள்தான் கெட்டுவிட்டது என்று அரை நாள் அதனோடு சண்டை போட்டேன்.

இனி நண்பரின் வழித்தடம். எங்கள் ஜெட்டில் 150 இருக்கைகள். குளிர்ந்த, உலர்ந்த காலை நேரத்தில் ஏறக்குறைய நிறைத்துக்கொண்டு போகலாம். வெயில் ஏறிய பிற்பகலில், தரையும் ஈரமாக இருந்தால், 104 பேர். எழுபது பேர் உட்காரும் டர்போபிராப் என்றால் எந்த நாளிலும் எழுபது பேரும் பெட்டிகளோடு போகலாம். "அப்படியென்றால் மிக மோசமான நாளில்கூட ஜெட்டில் 34 பேர் அதிகம்தானே, மேடம்?" என்றார் நண்பர். கணக்கு சரிதான். அந்த 104 பேரை ஏற்றிக்கொண்டு போக ஜெட் குடிக்கும் எரிபொருளையும், ஒவ்வொரு முறையும் அது தேய்க்கும் பிரேக்கையும் டயரையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதுதான் சிக்கல். எந்த நாள் மோசமாக இருக்கும் என்பதும் டிக்கெட் விற்கும்போது தெரியாது. 150 விற்றுவிட்டு 104 ஏற்றினால் 46 பேரிடம் யார் போய்ப் பேசுவது? ஆகவே வெப்பத்தையும் காற்றையும் பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து எடுத்து, நூற்றுக்கு 85 நாட்களில் தாங்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அதற்கு மேல் விற்காதீர்கள் என்போம். வணிகப் பிரிவுக்கு அந்த எண்ணைக் கண்டாலே பிடிக்காது.

டர்போபிராப் எங்களிடம் இல்லை என்பது இன்னொரு பக்கம். ஒரே ஒரு வழித்தடத்துக்காகப் புதிய வகை விமானம் வாங்கினால், அதற்கென்று தனி விமானிகள், தனிப் பயிற்சி, தனி உதிரிபாகங்கள், பழுது பார்க்கத் தனி உரிமம் பெற்றவர்கள். இரண்டு விமானம் ஓட வேண்டுமென்றால், ஒன்று படுத்துக்கொள்ளும் நாளுக்காக மூன்றாவது ஒன்று. விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் இருக்க முடியும். இருக்கிற ஜெட்டை வைத்தே ஓட்டிப் பார்ப்போம் என்று முடிவானது. நானும் ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் வாரத்தில் நேரில் பார்க்கப் போனேன். பிற்பகல். மழை அப்போதுதான் விட்டிருந்தது, ஓடுபாதை முழுக்க ஈரம், இலை அசையவில்லை. விமானியின் கருவியில் வந்த எண்ணும் எடைச்சீட்டில் இருந்த எண்ணும் பொருந்தவில்லை; 640 கிலோ குறைய வேண்டும். குளிர்சாதனத்துக்குப் போகும் காற்றை நிறுத்திவிட்டு அந்தப் பலத்தையும் எஞ்சினுக்கே விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று ஒரு வழி உண்டு. அதையும் ஏற்கெனவே சேர்த்தாகிவிட்டது. எரிபொருளில் கை வைக்க முடியாது. பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்கள்.

சரக்கு அறையின் வாசலில் மண்டியிட்டு ஒருவர் பெட்டிகளைத் தள்ள, கீழே நின்றவர் வாங்கி வண்டியில் அடுக்கினார். ஒவ்வொன்றின் சீட்டையும் திருப்பிப் பார்த்து எண்ணை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார். ஈரக்கையில் பேனா எழுதவில்லை; சட்டையில் துடைத்துத் துடைத்து எழுதினார். முப்பதாவதோ என்னவோ, பழுப்பு நிற ஒட்டு நாடா சுற்றிய ஒரு மூன்று சக்கர சைக்கிள் வந்தது. கைப்பிடியிலிருந்து தொங்கிய பிளாஸ்டிக் நாடாக்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "அம்மா, இது ஆறு கிலோகூட இருக்காது. இதையுமா?" என்று என்னைப் பார்த்தார். நிமிர்ந்து ஜன்னல்களைப் பார்த்தேன். எந்த ஜன்னலில் அந்தக் குழந்தை இருக்கிறது என்று தெரியவில்லை. சைக்கிளை ஏற்றிவிட்டு அதைவிடக் கனமான ஒரு பெட்டியை எடுக்கச் சொன்னேன். அந்தப் பெட்டிக்காரர் யாரோ, இன்றைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மொத்தம் 41 பெட்டிகள்.

இறங்கிய வேகத்துக்கு பிரேக் பழுத்திருந்தது, அது இன்னொரு வேடிக்கை. குட்டை ஓடுபாதையில் நிறுத்திய ஆற்றல் எல்லாம் பிரேக்கில் சூடாகத் தங்கும். அந்தச் சூட்டோடு கிளம்பி, வழியில் நிறுத்த வேண்டி வந்தால் பிரேக் பிடிக்காது. ஆற வேண்டும். முப்பத்தைந்து நிமிடத்தில் திரும்ப வேண்டிய விமானம் அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. ஒரு நாளைக்கு ஆறு முறை பறக்கும் விமானம் ஐந்து முறைதான் பறக்கும் என்றால், ஓடுபாதையின் நீளம் கால அட்டவணையிலும் புகுந்துவிட்டது என்று அர்த்தம். என் அறிக்கையில் நான் தனி அத்தியாயமாக எழுதியிருக்க வேண்டிய விஷயம். ஒரு வரி எழுதியிருந்தேன்.

நாங்கள் முதலில் மாற்றியது விமானத்தை அல்ல, மணியை. பிற்பகல் பயணத்தை விடிகாலைக்குத் தள்ளினோம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது; இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அதுதான் தீனி. வெப்பம் என்பது கணக்கில் மீட்டர்களைத் தின்னும் ஒரு பிராணி. 2017 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வெயில் 48 டிகிரியை நெருங்கியபோது, சிறிய ஜெட்டுகளின் கையேட்டு அட்டவணை அந்த வெப்பத்தோடு முடிந்துவிட்டதால் நாற்பதுக்கு மேற்பட்ட பயணங்களை ரத்து செய்தார்கள். உயரமும் அப்படியே. பொலிவியாவின் எல் ஆல்ட்டோ நிலையத்தில் 4,000 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது. ஆனால் அது கடல் மட்டத்துக்கு 4,061 மீட்டர் மேலே. என் கண்ணுக்கு அதுவும் ஒரு குட்டை ஓடுபாதைதான்.

மற்றவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் படித்ததில் எனக்குப் பிடித்தது லண்டன் சிட்டிதான். 1,508 மீட்டர், சுற்றிலும் தண்ணீரும் கட்டடங்களும். அங்கே 3 டிகிரியில் வர முடியாது, 5.5 டிகிரியில், ஏறக்குறைய இரு மடங்கு செங்குத்தாக இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் வேகம் கூடிக்கொண்டே போகும். ஏர்பஸ் ஏ318இல் அதற்கென்று தனி மென்பொருள் வைத்து, இறங்கும்போதே இறக்கையின் மேல்தகடுகள் சிலவற்றைத் தூக்கி இழுவையைக் கூட்டினார்கள்; 2006இல் அதற்கு ஐரோப்பியச் சான்றிதழ் கிடைத்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் அந்த விமானத்தை 2009 முதல் அங்கிருந்து நியூயார்க்குக்கு ஓட்டியது. நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய விமானத்தில் வெறும் 32 இருக்கைகள். அப்படியும் அட்லாண்டிக்கைத் தாண்டும் எரிபொருளோடு அந்த ஓடுபாதையிலிருந்து எழ முடியாது. அயர்லாந்தின் ஷானனில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. திரும்பி வரும்போது நேராக வந்துவிடும். இறங்குகிற விமானம் எரிபொருளை எரித்து இளைத்திருக்குமே.

ஷானனில் நின்ற நேரத்தில் பயணிகளை இறக்கி அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிட்டார்கள். நியூயார்க்கில் இறங்கினால் உள்நாட்டுப் பயணிபோல வெளியே நடந்துவிடலாம். ஓடுபாதை போதாத குறையைப் பணக்காரப் பயணிக்கு வசதியாக விற்ற அந்த மூளை எங்கள் வணிகப் பிரிவில் இருந்திருந்தால் நான் என்றோ பதவி உயர்வு பெற்றிருப்பேன். 2020இல் அந்தச் சேவை நின்றுபோனது.

ரியோ டி ஜெனிரோவின் சாந்தோஸ் துமோன் நிலையம் வேறு விதம். 1,323 மீட்டர், இரு முனையிலும் கடல். அங்கே போயிங் 737-800ஐ ஓட்ட வேண்டும் என்று பிரேசிலின் கோல் விமான நிறுவனம் பிடிவாதமாக நின்றது. அந்த விமானத்தின் சிக்கல் எஞ்சினில் இல்லை, உடம்பின் நீளத்தில் இருக்கிறது. நீண்ட உடம்பு மூக்கை அதிகமாகத் தூக்கினால் வால் தரையில் உரசும். உரசாமலிருக்க வேகமாக வர வேண்டும். வேகமாக வந்தால் நிறுத்த இடம் வேண்டும். போயிங் வாலடியில் இரு நிலைகளில் நிற்கும் ஒரு பாதுகாப்புக் கட்டையை வைத்து வேகத்தைக் குறைத்தது; இறங்கியதும் இறக்கைத் தகடுகள் 60 டிகிரி வரை நிமிரும்படி மாற்றியது; புறப்பாட்டில் இறக்கையின் முன்விளிம்பு இடைவெளிகளை அடைத்து இழுவையைக் குறைத்தது. 2006இல் முதல் விமானம் போனது. ஒரே குடும்பத்து விமானங்களில் நீட்டிய வகையை விடக் குட்டையானது இத்தகைய இடங்களில் ஏன் மதிப்புப் பெறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

மடெய்ரா தீவின் ஃபூன்ஷல் போல ஓடுபாதையையே நீட்டியவர்களும் உண்டு. 1977 நவம்பரில் போயிங் 727 ஒன்று முனையைத் தாண்டி விழுந்து 131 பேர் இறந்த இடம் அது. 2000ஆம் ஆண்டுக்குள் கடலோரத்தில் தூண்களை நட்டு அதன் மேல் ஓடுபாதையை 2,781 மீட்டருக்குக் கொண்டுபோனார்கள். டொரொண்டோவின் தீவு நிலையத்தில் அதுவும் நடக்கவில்லை: 1,216 மீட்டரை நீட்டி ஜெட் கொண்டுவர போர்ட்டர் நிறுவனம் 2013இல் கேட்டது, 2015இல் மத்திய அரசு மறுத்துவிட்டது. அங்கே ஜெட்டைத் தடுத்தது நீளம் மட்டுமல்ல; ஜெட் வரக்கூடாது என்று ஒப்பந்தமே இருந்தது.

மிகவும் குட்டையான பாதைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் அங்கே தேர்வு என்று ஒன்று இல்லை. கரீபியனின் சாபா தீவில் 400 மீட்டர். 19 பேர் அமரும் ட்வின் ஆட்டர் பயணிகளோடு வந்து போகிறது. எவரெஸ்டுக்குப் போகும் வழியில் இருக்கும் லுக்லாவில் 527 மீட்டர், அதுவும் ஏறக்குறைய 12 சதவீதச் சரிவில்; மேட்டில் ஏறியபடி இறங்குகிறார்கள், பள்ளத்தில் உருண்டபடி கிளம்புகிறார்கள்.

எனக்குக் கவலை தருவது இதற்கு நடுவில் இருக்கும் 800 மீட்டர் பாதைகள். நார்வேயின் கடற்கரை நெடுகிலும் அத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. விடரோ நிறுவனம் அங்கே 39 இருக்கைகள் கொண்ட டேஷ் 8-100 விமானங்களைப் பல ஆண்டுகளாக ஓட்டுகிறது. அந்த வகையைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஏடிஆர் நிறுவனம் 800 மீட்டரில் நாற்பது பேரோடு எழக்கூடிய 42-600எஸ் என்ற விமானத்தை உருவாக்கப்போவதாகச் சொன்னபோது, நான் அதன் எண்களை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். 2024 நவம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். இத்தகைய பாதைகள் வேண்டிய நிறுவனங்கள் சில. அவை வாங்கும் விமானங்களும் சில. ஒரு தொழிற்சாலையை ஓட்ட அது போதாது. ஆக அங்கெல்லாம் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால், பழையதில் ஆயுள் மிச்சமிருப்பது எது என்று தேடுவது. தாளை இன்னும் எடுக்கவில்லை.

எங்கள் வழித்தடம் கடைசியில் டர்போபிராப்புக்கே போனது. இரண்டு ஆண்டு கழித்து, வாடகைக்கு, விமானிகளோடு சேர்த்து. அதற்குள் நண்பர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்தும் ஒரு முறை அழைத்து, "மேடம், 1,600 மீட்டர்" என்று தொடங்கினார்.

போன வாரம் புதிதாக ஒன்று மேசைக்கு வந்திருக்கிறது. 1,450 மீட்டர், அகலம் 30 மீட்டர்தான், தளம் எத்தனை டன் தாங்கும் என்ற எண் பழையது, தீயணைப்பு வசதி சிறிய விமானங்களுக்கு மட்டும் போதுமான தரத்தில். கடிதத்தில் நீளத்தை மட்டும் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். இணைத்திருந்த புகைப்படத்தில் மேற்கு முனைக்கு அப்பால், மற்றவற்றை விட உயரமாக ஒற்றை மரம். அதன் உயரத்தை அளந்து அனுப்பும்படி எழுதியிருக்கிறேன். நேற்று ஒரு இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், நாங்கள் விமானத்தைப் பற்றிக் கேட்டோம், நீங்கள் மரத்தைப் பற்றிக் கேட்கிறீர்களே?"

வியாழக்கிழமை அளவையாளர் போகிறாராம்.